சிராஜ் பாய் பார்த்துவிட்டுச் சொன்னது

சிராஜ் பாய் இறந்த செய்தி அவரே தொடங்கிய வாட்ஸாப் குழுவில்தான் வந்தது. "பாய் போயிட்டாராம்" என்று கிஷோர் ஒரு வரி போட்டிருந்தான். அதற்குக் கீழே வந்த முதல் பதில் இரங்கல் அல்ல, "யார் பார்த்தது?" என்ற கேள்வி. அடுத்தவர், "கடைப் பக்கம் இருக்கிறவர்கள் போய்ப் பார்த்துச் சொல்லுங்கள்" என்று எழுதினார். மூன்றாவதாக எங்கள் குழுவின் பெரிய மனிதர் ஒருவர், "உறுதிப்படுத்தாத தகவலைப் பரப்ப வேண்டாம்" என்று கைகூப்பும் படத்தோடு போட்டார். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நான் மாதவரத்தில் அலுவலகத்தில் இருந்தேன். பாயின் போனுக்கு அடித்தேன், எடுக்கவில்லை. மகனுக்கு அடித்தேன், அவனும் எடுக்கவில்லை. சரி, நேரில் போய்ப் பார்த்துவிடலாம் என்று கிளம்பினால் வழியெல்லாம் கன்டெய்னர் லாரிகள். பாய் வீடு இருக்கும் கல்மண்டபம் போய்ச் சேர்ந்தபோது கபர்ஸ்தானிலிருந்து ஆட்கள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். காலையில் கடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே போய்விட்டார். சாயங்கால அசர் தொழுகை முடிந்ததும் அடக்கம் செய்துவிட்டார்கள். "குரூப்புல போட்டாங்களே மாமா, பாக்கலியா?" என்றான் மகன். யார் பார்த்தது, யார் பார்த்தது என்று நாங்கள் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அவரை மண்ணுக்குள் வைத்துவிட்டார்கள். எங்கள் குழுவில் இத்தனை கார்கள், இத்தனை ஆண்கள். ஒருவன் தோள் கொடுக்கவில்லை, ஒருவன் ஒரு பிடி மண் போடவில்லை.

பாயை அறிந்தவர்களுக்கு இந்தக் கூத்து எப்படி நடந்தது என்று புரியும். அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் உள்ள பழைய கார்ப் பைத்தியங்கள் சேர்ந்த குழு எங்களுடையது. மாதம் ஒரு ஞாயிறு காலையில் கல்மண்டபத்தில் கூடி, கடலோரச் சாலையில் வடக்கே போய், எங்காவது வண்டிகளை வரிசையாக நிறுத்தி, பானெட்டைத் திறந்துவைத்து டீ குடித்துவிட்டுத் திரும்புவோம். வெளியாட்களுக்கு இது வேலையற்ற வேலை. எங்களுக்கு அந்த மாதமே அதற்காகத்தான் ஓடும். ஆனால் அந்தச் சாலை துறைமுகத்து லாரிகளின் சாலை. லாரி வரிசையில் மாட்டிக்கொண்டால் பழைய எஞ்சின் கொதித்துவிடும். அப்புறம் அந்த வண்டியைத் தள்ளுவதுதான் சந்திப்பு. அதனால் பாய் ஒரு சட்டம் வைத்திருந்தார். சாலையைப் பற்றி யார் எழுதினாலும் 'பார்த்தேன்' என்று தொடங்க வேண்டும். கேள்விப்பட்டது, டிவியில் சொன்னது, வேறு குழுவிலிருந்து வந்தது எதுவும் செல்லாது. அப்படி வந்தால் உடனே அழித்துவிடுவார். சனிக்கிழமை மாலை யாராவது ஒருவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். பெரும்பாலும் அவரேதான் போவார், தன் வெள்ளை அம்பாசிடரில். காசிமேட்டில் விசைப்படகுகளுக்கு வலையும் கயிறும் விற்கிற மனுஷன், கடையை மகனிடம் விட்டுவிட்டு எங்களுக்காக லாரி எண்ணப் போவார்.

கிஷோர் கம்ப்யூட்டர் படித்தவன். ஒருமுறை செல்போனை நீட்டி, "மேப்புல ரோடு ஃபுல்லா நீலமா கீது பாய், ஜாம் இல்ல" என்றான். பாய் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கடலுங்கூடத்தான் நீலமா கீது. வண்டிய எறக்கிடுவியா?" என்றார். மறுநாள் தண்டையார்பேட்டை தாண்டியதுமே கிஷோரின் கான்டசா புகை விட்டது. அவன் மேப்பை நம்பித் தனியாகப் போயிருந்தான். பாய் தண்ணீர்க் கேனோடு போய் நின்றார்.

எனக்கும் அவருக்கும் இந்த விஷயத்தில் தீராத சண்டை. நான் அரசாங்க ஊழியன். பொறுப்பில் இருக்கிறவர்கள் சொல்வதை நம்பாவிட்டால் ஊர் எப்படி நடக்கும் என்பேன். "நான் நம்ப வேணாம்னா சொன்னேன்? போய்ப் பார்த்துட்டு நம்புன்றேன்" என்பார். எல்லோரும் எல்லாவற்றையும் போய்ப் பார்க்க முடியுமா என்று கேட்பேன். "முடியாது நைனா. அதுக்குத்தான் பார்த்தவன் சொல்லணும்ன்றது" என்பார். டீ ஆறிப்போகும், சண்டை ஆறாது.

சந்தேகமே தொழிலாக உள்ளவர் என்று சிலர் அவரைக் கிண்டல் செய்வதுண்டு. அது பொய். எண்ணூர்ப் பக்கம் ஏதோ டேங்க் வெடித்துவிட்டது, விஷவாயு வருகிறது என்று ஒருநாள் மாலை போனுக்குப் போன் பரவியது. அப்படி எதுவும் இல்லை என்று அதிகாரிகள் சொன்னார்கள். ஒருத்தரும் நம்பவில்லை. திருவொற்றியூரில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டார்கள். ஊரே தெற்கே ஓட, பாய் வடக்கே ஓட்டிக்கொண்டு போனார். போய் நின்று பார்த்துவிட்டு, "பார்த்தேன். ஒண்ணியும் இல்ல. வூட்டுக்குப் போங்க" என்று குரல் பதிவு அனுப்பினார். அதைக் கேட்டுத்தான் ஜனம் அடங்கியது. மறுநாள் நான் அவரைச் சீண்டினேன். "அட, இன்னிக்கி கவர்மென்டு நெசம் சொல்லிச்சுப்பா. அத்தையும் சொல்லணும்ல?" என்றார். வதந்தியை நிறுத்தியதற்காக அவரை எந்த அலுவலகமும் கூப்பிட்டு ஒரு டீ வாங்கிக் கொடுக்கவில்லை என்பதை இங்கே குறித்துவைக்கிறேன்.

கூப்பிட்டார்கள், பிறகு வேறு விஷயத்துக்கு. ஒரு மழைக்காலத்தில் எண்ணூர் முகத்துவாரத்தில் சந்திப்பு வைத்திருந்தோம். குடும்பத்தோடு வரலாம் என்று ஏற்பாடு. சனிக்கிழமை மாலை பாயும் நானும் பார்க்கப் போனோம். தண்ணீர் நிறம் மாறியிருந்தது. கரையோரம் மீன் செத்து ஒதுங்கிக் கிடந்தது, வெள்ளை வயிறு தெரிய. மூக்கில் எரிச்சல். அங்கே வலை போடுகிறவர்கள் பாயின் வாடிக்கையாளர்கள். "ரெண்டு நாளா இப்டித்தான் கீது பாய், யாரும் வந்து கேக்கல" என்றார்கள். பாய் அங்கேயே நின்று குழுவுக்குக் குரல் பதிவு அனுப்பினார். "பார்த்தேன். மீனு செத்துக் கீது. ஏன்னு எனக்குத் தெரியாது. நாளைக்கு யாரும் இங்க வராதீங்க. புள்ளைங்கள இட்டுகினு வராதீங்க." இவ்வளவுதான் அவர் சொன்னது. ஏன் என்று தனக்குத் தெரியாது என்பதையும் சேர்த்துச் சொன்னவர் அவர்.

யாரோ அந்தக் குரலை வெளியே அனுப்பிவிட்டார்கள். அது ஊரெல்லாம் சுற்றியது. காசிமேட்டில் மீன் வாங்க ஆள் குறைந்தது. அப்போதுதான் நான் முன்பு சொன்ன பெரிய மனிதர் வருகிறார். அவருக்கு மீன் வியாபாரம். பாய் பார்த்துச் சொன்ன சாலைகளில் பல ஞாயிறு தன் பத்மினி காரை ஓட்டியவர், ரம்ஜானுக்குப் பாய் வீட்டு பிரியாணி தின்றவர். அவர்தான் புகார் கொடுத்தார். பெயர் எழுத மாட்டேன். இதைப் படிக்கும்போது அவருக்கே தெரியும்.

ஒரு காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. நானும் கூடப் போனேன். "சார், நானும் அங்க இருந்தேன், என் கண்ணால பார்த்தேன்" என்றேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர், "நீங்க எங்க வேலை பார்க்கறீங்க?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பாய் என் சட்டையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். "பொய்க்காரன்னு எழுத ஒரு பேரு போதும் நைனா. ரெண்டு பேரு இன்னாத்துக்கு? நீ போ" என்றார். நான் நகரவில்லை. அவர் மட்டும் உள்ளே போனார். சுவரோரம் நிற்கவைத்து, செல்போனைப் பிடித்துக்கொண்டு, அவரைச் சொல்லச் சொன்னார்கள். 'நான் சரிபார்க்காத, பொய்யான தகவலைப் பரப்பிவிட்டேன். பொதுமக்கள் மன்னிக்க வேண்டும்.' வாழ்நாளில் சரிபார்க்காமல் ஒரு வார்த்தை சொல்லாத மனிதரை இதைச் சொல்லவைத்தார்கள். நிறுத்தி நிறுத்தி, மனப்பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னார். அந்த வீடியோவும் ஊரெல்லாம் சுற்றியது.

கொஞ்ச நாளில் அதிகாரிகளே முகத்துவாரத்துக்கு வந்து தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார்கள். மீன் பிடிக்க வேண்டாம் என்று அவர்களே அறிவித்தார்கள். செத்த மீனைப் பேப்பரில் படம் போட்டார்கள். ஆனால் வீடியோவை யாரும் திரும்பப் பெறவில்லை. பாய் சொன்னது சரிதான் என்று குழுவில் எழுதியவர்கள் கிஷோரும் நானும் மட்டும். மற்றவர்கள் கார்புரேட்டர் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு பாய் குழுவில் எதுவும் எழுதவில்லை. சந்திப்புக்கு மட்டும் வருவார், வண்டியைக் கடைசியில் நிறுத்துவார். ஒரு சனிக்கிழமை அந்தப் பெரிய மனிதரே அவருக்குப் போன் செய்து, கூச்சமே இல்லாமல், "பாய், நாளைக்கி ரோடு எப்டி கீது?" என்று கேட்டார். பாய் போய்ப் பார்த்துவிட்டு வந்து அவருக்குப் பதில் சொன்னார். நான் பொரிந்து தள்ளினேன். உனக்கு ரோஷமே கிடையாதா என்று கேட்டேன். "ரோஷத்துக்கும் ரோட்டுக்கும் இன்னா சம்பந்தம்? வண்டி கொதிச்சா கூட வர்ற புள்ளைங்க வெயில்ல நிக்கும்ல?" என்றார். அந்தப் பதிலை நான் இன்றுவரை ஏற்கவில்லை. பாய் மேல் எனக்கு உள்ள கோபம் அது ஒன்றுதான்.

அடக்கம் முடிந்து நான் குழுவில் எழுதிய பிறகு இரங்கல் கொட்டியது. மாபெரும் மனிதர், வழிகாட்டி, ஈடு செய்ய முடியாத இழப்பு. அடுத்த ஞாயிறு நினைவுப் பேரணி, முன்னால் பாயின் அம்பாசிடர் போகும் என்று முடிவு செய்தார்கள். அதோடு யாரோ ஒருவர் 'கண்ணீர் அஞ்சலி' என்று ஒரு வீடியோவும் செய்து போட்டார். பாய் பேசுகிற வீடியோ இணையத்தில் அது ஒன்றுதான் கிடைத்ததாம். சுற்றிலும் ரோஜாப்பூ, பின்னால் சோக இசை, நடுவில் அந்தச் சுவரோரம் நிற்கும் பாய். சத்தத்தை நிறுத்திவிட்டுத்தான் போட்டிருக்கிறோம் என்று சமாதானம் வேறு. சத்தம் உள்ளதையும் பலர் தேடி எடுத்துச் சேர்த்து அனுப்பிவிட்டார்கள்.

மூன்றாம் நாள் பாய் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி திரைக்குப் பின்னாலிருந்து பேசினார். "அண்ணே, வண்டிச் சாவிய குடுக்க மாட்டேன்னு சொல்லிடுங்க. அந்தப் படத்த எடுக்கச் சொல்லுங்க. பொய்க்காரன்னு அவரு வாயாலயே சொல்லிகினு கீறாரு. நாளைக்கிப் பேரப்புள்ளைங்க தேடிச்சுன்னா இதானே வரும்? அவரு பார்த்தத சொன்னாரு. நீங்க இத்தினி பேரு அவரப் பார்த்திருக்கீங்க. ஒருத்தராச்சும் சொன்னீங்களா?"

எடுக்க முடியாது, ரொம்ப தூரம் போய்விட்டது என்கிறான் கிஷோர். சாவி கிடைக்காததால் பேரணியின் முன்னால் பெரிய மனிதரின் பத்மினி போகப்போகிறது. நான் போகவில்லை. பாயை உண்மையில் அறிந்தவர்கள் அன்று வீட்டில் இருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பாயிடமிருந்து நான் எதை வைத்துக்கொண்டேன் என்று கேட்டால், அவர் படாத கோபத்தை. பட்டிருக்க வேண்டிய அத்தனை கோபத்தையும் அவர் தொடாமல் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். அதை நான் எடுத்துக்கொள்கிறேன். யாருக்காகவும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. இனி பேரப்பிள்ளைகள் தேடினால் அந்த வீடியோவோடு இதுவும் கிடைக்கட்டும்: அன்று மாலை அந்த அம்பாசிடரில் இடப்பக்கம் உட்கார்ந்து போனவன் நான். மீன் செத்துக் கிடந்தது. உங்கள் தாத்தா பொய் சொல்லவில்லை. இதற்காக என்னையும் சுவரோரம் நிற்கவைக்க விரும்புகிறவர்கள் கூப்பிடலாம், வருகிறேன். இந்த முறை என் சட்டையைப் பிடித்து இழுக்க ஆள் இல்லை.