கரண்ட் போன மேட்னியில் ஆர்கன்

உத்தமபாளையத்தில் நாங்கள் படம் பார்த்த தியேட்டரில் ஓர் ஆர்கன் இருந்தது. காலால் மிதித்து வாசிக்கிற பழைய மரப்பெட்டி. மேகமலை எஸ்டேட் துரை ஊருக்குக் கிளம்பும்போது சாமான்களை ஏலம் விட்டாராம். தியேட்டர் முதலாளியின் அத்தா, அதாவது அப்பா, மேசை என்று நினைத்து அதை எடுத்துவிட்டார். கொண்டுவந்து மூடியைத் திறந்தால் உள்ளே வரிசையாகப் பல். அன்றிலிருந்து அது திரைக்குப் பக்கத்தில் நின்று போஸ்டர் பசை வாளியைச் சுமந்துகொண்டிருந்தது.

இரண்டாயிரத்து எட்டு வாக்கில் முதலாளி அந்த இடத்தில் ஐஸ்கிரீம் பெட்டி வைக்க முடிவெடுத்தார். ஆர்கனை எடுக்கத் தேனியிலிருந்து பழைய சாமான் வியாபாரி திங்கட்கிழமை வருவதாக ஏற்பாடு. எனக்குத் தாங்கவில்லை. நான் பக்கத்து ஊரான ராயப்பன்பட்டி மாதா கோயிலில் கீபோர்டு வாசிக்கிறவள். கல்லூரியில் இயற்பியல் இரண்டாமாண்டு. நேரே முதலாளியிடம் போய்ப் பேரம் பேசினேன்.

அப்போது தினமும் மின்வெட்டு. மேட்னி நடுவில் கரண்ட் போகும். ஜெனரேட்டரைக் கிளப்பப் பத்து நிமிடமாகும். அதற்குள் கூச்சலில் நாலு நாற்காலியாவது உடையும். ஆர்கனுக்குக் கரண்டே வேண்டாம், அந்தப் பத்து நிமிடமும் நான் வாசித்துக் கூட்டத்தை உட்கார வைக்கிறேன், அப்படிச் செய்தால் விற்கக் கூடாது என்றேன்.

"ஞாயித்துக்கெழம மேட்னியில பாப்போம். ஒரு சேர் ஒடஞ்சாலும் பெட்டி வண்டியேறிரும்த்தா" என்றார்.

சனிக்கிழமை பஞ்சர் கடையில் பழைய டியூப் வாங்கித் துருத்தியின் ஓட்டைகளை ஒட்டினேன். உள்ளே குடியிருந்த எலிக் குடும்பத்தைக் காலி செய்யவைத்தேன். மூன்று சினிமாப் பாட்டுகள் பழகினேன்.

ஞாயிறு, கதாநாயகன் கை ஓங்கிய நொடியில் கரண்ட் போனது. முதல் விசிலிலேயே என் மூன்று பாட்டுகளும் தலையிலிருந்து இறங்கி ஓடிவிட்டன. விரல்கள் தாமாக, பூசையில் நன்மை, அதாவது நற்கருணை அப்பம், வாங்கும்போது வாசிக்கிற பாட்டைப் பிடித்தன. காலைப் பூசை முடித்து அப்படியே படத்துக்கு வந்திருந்த எங்கள் ஊர்ப் பெண்கள் இரண்டு வரிசை இருந்தார்கள். பாடற்குழுப் பெரியம்மா எழுந்து நின்று குரலெடுத்தார். இரண்டு வரிசையும் எழுந்து பாடியது. விசில் அடங்கிவிட்டது. பின்னாலிருந்து ஒருவர் மட்டும் தணிந்த குரலில், "ஏலே, யாருலே செத்தா?" என்று கேட்டார்.

ஜெனரேட்டர் உறுமியது. திரையில் அடி விழுந்தது. பாட்டோ மூன்றாவது சரணத்தில் இருந்தது. நான் நிறுத்தப் பார்த்தேன், பெரியம்மா முறைத்தார். சாமி பாட்டைப் பாதியில் விடுகிற வழக்கம் எங்கள் ஊரில் கிடையாது. திரையில் அடியாட்கள் பறந்து விழ, ஐந்து சரணமும் பாடி ஆமென் சொல்லி எல்லோரும் உட்கார்ந்தார்கள். உடனே பெரியம்மா ஆபரேட்டர் அறைப் பக்கம் திரும்பி, "சண்டைய இன்னொருக்கா போடுங்கப்பா, நாங்க பாக்கல" என்றார். அதற்குத் தியேட்டரே விசிலடித்து ஆதரவு தந்தது. ரீலைத் திருப்பிச் சுற்ற வேண்டியதாயிற்று.

படம் முடிந்ததும் முதலாளி வரிசை வரிசையாக நடந்து ஒவ்வொரு நாற்காலியையும் ஆட்டிப் பார்த்தார். ஒன்றுகூட உடையவில்லை.

"சொன்னது சொன்னதுதான். பெட்டி இங்கனயே இருக்கும்" என்றார். "நீ மட்டும் இனிமே பெட்டிப் பக்கம் வராம பால்கனியில ஒக்காருத்தா."

ஐஸ்கிரீம் பெட்டி சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போனது. அடுத்த ஞாயிறு பெரியம்மா டிக்கெட் கவுண்டரில் குனிந்து, இன்றைக்குக் கரண்ட் எத்தனை மணிக்குப் போகும் என்று கேட்டுவிட்டுத்தான் டிக்கெட் எடுத்தார்.