கனம் கம்மியாய் அனுப்பவும்

தோலுக்கு ரகம் பிரிக்கிறவன் செத்த மிருகத்துக்கு ஜாதகம் எழுதுகிறவன். எங்கே முள் கீறியது, எந்தக் கோடையில் பட்டினி கிடந்தது, எவன் சூடு போட்டான் என்று தடவிப் பார்த்தே சொல்லிவிடுவோம். ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு டேனரியில் இருபது வருஷம் நான் அசார்ட்டர். சாயங்காலம் பஸ்ஸில் ஏறினால் பக்கத்து சீட்டுக்காரர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வார். மூன்று தடவை சோப்புப் போட்டும் கை நாற்றம் போகாமல், சொந்த வீட்டில் சோற்றை ஸ்பூனால் சாப்பிட்டவர்கள் உங்களில் யாராவது இருந்தால் இது உங்களுக்காகத்தான். மற்றவர்களும் படிக்கலாம். பிழைப்பின் அவஸ்தை எல்லாருக்கும் பொது.

மேஜை பத்தவில்லை

எழுபதுகளின் நடுவில் ஒருநாள் மெட்ராஸ் துறைமுகத்திலிருந்து கிழக்கு ஆப்பிரிக்கக் கட்டு ஒன்று லாரியில் வந்தது. வழக்கமாக உப்புப் போட்டுக் காயவைத்த மாட்டுத் தோல்தான் வரும். அன்றைக்குக் கட்டை அவிழ்த்தால் நடுவில் முடியோடு மூன்று பெரிய தோல்கள். பழுப்புக் கட்டங்கள், இடையிடையே வெளுத்த கோடுகள். மெட்ராஸ் ஏஜெண்ட் ஒரு சீட்டு வைத்திருந்தார். ஒட்டகச்சிவிங்கி, சாம்பிள், வெளிநாட்டில் பூட்ஸ் செய்யக் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தது.

என் மேஜையில் பாதிகூட அடங்கவில்லை. இன்னொரு மேஜையை இழுத்துப் போட்ட பிறகும் கழுத்துப் பக்கம் தொங்கியது. சுண்ணாம்புக் குழியில் நின்றவர்கள்கூடக் காலைக் கழுவாமல் ஓடி வந்து பார்த்தார்கள். நான் வழக்கம்போலத் தடவினேன். தோளில் பழைய முள் கீறல்கள். தொடையில் சிங்கமோ எதுவோ பிறாண்டி ஆறிய தழும்பு. அதையெல்லாம் தாண்டிப் பல வருஷம் வாழ்ந்த கிழட்டு ஆண் அது. கழுத்தடியில் தோட்டா போன ஓட்டை மட்டும் ஆறவில்லை. இப்படி ஒரு தோலைத் தொட்டவன் இந்த ஜில்லாவில் நான் ஒருத்தன்தான் என்று அன்றைக்கு எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். தோலைக் கனம் பிளக்கும் மெஷினை ஓட்டுகிற மஸ்தான் பாய் அந்த ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இவ்ளோ உசரத்த வெச்சிகினு எங்கபா போயி ஒளிஞ்சிக்கும்?"

மெஷின் முழுங்கவில்லை

சுண்ணாம்பில் ஊறி முடி உதிர்ந்து வந்த தோல் கட்டை விரல் கனம் இருந்தது. மஸ்தான் பாய் மெஷினில் விட்டார். கத்தி முனகிவிட்டு நின்றது. வேறு கத்தி மாட்டினார், அதுவும் மழுங்கியது. முதலாளி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு என்னிடம் ரிப்போர்ட் எழுதச் சொன்னார்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. எருமைத் தோல் தடிமனாக வந்தால் தோல் மண்டிக்கு ஒரே வரி எழுதுவோம்: கனம் கம்மியாய் அனுப்பவும். மண்டிக்காரர் குவியலில் பெரியதை ஒதுக்கிவிட்டு இளசாகப் பொறுக்கி அனுப்புவார். யாருக்கும் நஷ்டமில்லை, யாருக்கும் பாவமில்லை. பழகின கை அல்லவா, ஆப்பிரிக்காவுக்கும் அதே வரியை எழுதினேன். டைப்பிஸ்ட் அதை இங்கிலீஷில் அடித்தார். மண்டியில் தோல் முதலில் சேர்ந்து கிடக்கும், கடிதம் பிறகுதான் போகும். அங்கே குவியல் எதுவும் கிடையாது, காடுதான் இருக்கிறது என்பது என் மரமண்டைக்கு ஏறவில்லை. முதலாளி படித்துவிட்டுத் தட்டிக்கொடுத்தார்: "ஷார்ட்டா எழுதிட்ட தாஸ். ஜாஸ்தி எழுதுனா அவனுங்களுக்குப் புரியாது."

கட்டம் எங்கே

அந்த மூன்று தோலையும் பாடுபட்டுக் கையால் சீவி முடித்தோம். பம்பாயிலிருந்து வாங்குகிற ஆள் வந்தார். ஆளுயரத்துக்குத் தோலைத் தூக்கிக் காட்டினேன். அவர் முன்னும் பின்னும் புரட்டினார். கட்டமும் கோடும் முடியோடு போய்விட்டன. சாயம் ஏற்றிய பிறகு அது எங்கள் ஊர் எருமைக்கு அண்ணன் தம்பி போலத்தான் கிடந்தது. வாங்க மாட்டார் என்று நினைத்தேன். அவர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுத் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "மாடு மாதிரிதான் இருக்கு. பரவால்ல, பூட்ஸ் டப்பா மேல பேர் போட்டா விக்கும்."

தழும்பில்லாத தோல்

அடுத்த வருஷம் வந்த கட்டு முழுக்கச் சின்னச் சின்னதாக இருந்தது. ஒரே மேஜையில் இரண்டு தோல் விரிக்கலாம். கனம் சொன்னபடி. மஸ்தான் பாயின் மெஷின் ஒரு முனகல் இல்லாமல் ஓடியது. நானும் தடவினேன். முள் கீறல் இல்லை, உண்ணி கடித்த தடம் இல்லை, ஒரு தழும்பு இல்லை. அசார்ட்டர் புத்தகத்தில் இதற்குப் பேர் ஃபர்ஸ்ட். இருபது தோலைத் திருப்பினால் ஒன்று கிடைக்கும் ரகம், இங்கே ஒவ்வொன்றும் ஃபர்ஸ்ட்.

ஏழாவதோ எட்டாவதோ தோலை விரித்தபோது வயிற்றுப் பக்கம் என் விரல் நின்றது. தொப்புள்கொடி விழுந்த வடு இன்னும் ஆறாமல் இருந்தது. கீறிக்கொள்ள அதற்கு நாளே கிடைக்கவில்லை. மஸ்தான் பாயைப் பார்த்தேன். அவரும் பார்த்துவிட்டார், மெஷினை நிறுத்திவிட்டுப் பீடிக்குப் போய்விட்டார். அன்றைக்கும் நான் ஃபர்ஸ்ட் என்றுதான் சாக்பீஸால் எழுதினேன். மத்தியானம் மெட்ராஸ் ஏஜெண்ட் போனில் வந்தார்: "உங்க லெட்டர அப்படியே அவங்களுக்கு அனுப்பிச்சேன் சார். சொன்ன மாதிரி பாத்துப் பாத்துச் சுட்டிருக்காங்க."

பாகாயத்து சிஸ்டர்

அதன் பிறகு வருஷத்துக்கு ஒரு கட்டு வந்தது. ஒவ்வொரு தடவையும் கட்டு இளைத்துக்கொண்டே போனது. எண்பதுகளின் தொடக்கத்தில், எங்கள் சபையைச் சேர்ந்த நர்ஸ் கிரேஸ் சிஸ்டர் கிழக்கு ஆப்பிரிக்காவில் மிஷன் ஆஸ்பத்திரி வேலையை முடித்துக்கொண்டு வேலூர் பக்கத்துப் பாகாயத்துக்கே திரும்பி வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போய், பேச்சோடு பேச்சாக ஒட்டகச்சிவிங்கியைப் பற்றிக் கேட்டேன்.

போன புதிதில் வார்டு ஜன்னலிலிருந்தே பார்க்கலாமாம். பிறகு சண்டை வந்து, வீட்டுக்கு வீடு துப்பாக்கி வந்து, பசிக்கும் சுட்டார்கள், தோலுக்கும், ஈயோட்டி செய்ய வாலுக்கும் சுட்டார்கள். கடைசி வருஷங்களில் நர்ஸுகள் லாரி பிடித்துத் தேடிப் போய் வெறும் கண்ணோடு திரும்பினார்களாம். யானைக்கும் காண்டாமிருகத்துக்கும் கூட்டம் போட்டுப் பேசுகிறார்கள், இது நிறைய இருக்கிறது என்று நினைத்து யாரும் எண்ணிப் பார்க்கவில்லை என்றார். பதினைந்து மாதம் சுமந்து ஒரே ஒரு கன்று போடுமாம். என் கடிதத்தைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அவர் காபியை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "கன்னுக்குட்டி செத்துப்போச்சுன்னா தாய் அந்த எடத்த விட்டு ரெண்டு மூணு நாள் நகராதுண்ணா, நான் பாத்திருக்கேன்." காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

ரிஜெக்ட்

அடுத்த கட்டில் நாலே நாலு தோல். நாலும் பழுதில்லாத ஃபர்ஸ்ட். கதவைச் சாத்திக்கொண்டு நாலிலும் ரிஜெக்ட் என்று எழுதினேன். இனிமேல் இந்தச் சரக்கே வேண்டாம் என்று ரிப்போர்ட்டும் எழுதினேன். அசார்ட்டருக்குக் கண்தான் சொத்து. அந்தக் கண் பொய் சொல்கிறது என்று தெரிந்துவிட்டால் வாணியம்பாடி முதல் ராணிப்பேட்டை வரைக்கும் ஒரு டேனரியும் சேர்த்துக்கொள்ளாது.

முதலாளி வந்தார். தோலில் பிறந்து தோலில் வளர்ந்தவர். ஒரு தோலை எடுத்துக் கட்டை விரலால் அழுத்தினார், என்னை நிமிர்ந்து பார்த்தார், மறுபடியும் தோலைப் பார்த்தார். அவர் விரலும் வயிற்றுப் பக்கம் வந்து நின்றது. "கண்ணாடி மாத்திக்கோ தாஸ்" என்று மட்டும் சொல்லிவிட்டு ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டார்.

இரண்டு வாரம் நிம்மதியாகத் தூங்கினேன். ஒரு கடிதத்தால் செய்ததை இன்னொரு கடிதத்தால் நிறுத்திவிட்டேன் என்றுதான் நம்பினேன். பிறகு மெட்ராஸ் ஏஜெண்டே நேரில் வந்தார். ரிஜெக்டுக்காகச் சண்டை போடப் போகிறார் என்று நான் எழுந்து நின்றேன். அவரோ சமாதானமாக என் தோளில் கை போட்டார்: "ரிஜெக்ட் எழுதினதுக்கு யாரும் கோவிச்சுக்கல சார். உங்க ரிப்போர்ட் போறதுக்கு முன்னாடியே அந்தப் பக்கம் ஒட்டகச்சிவிங்கி தீந்துபோச்சாம். வேற எதாச்சும் மிருகம் வேணுமான்னு கேக்கறாங்க."

இருபது வருஷ சர்வீஸில் மனசறிந்து ஒரே ஒரு பொய் எழுதினேன், அதையும் நேரத்தோடு எழுதத் துப்பில்லாமல் போனது.