ஒரு கட்டை இறங்கிய கிழவர்

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் அதன் முன்கதவு பூட்டியிருக்கும், பின்கதவு திறந்திருக்கும். உள்ளே நாங்கள் நாலு பேர் ஆளுக்கொரு கோப்பை பிளேன்ரீயோடு இருந்து, செத்துப்போன அமெரிக்கர்களைப் பற்றிச் சண்டை பிடிப்போம். எவர் தடித்த கம்பி போட்டார், எவர் நகத்தால் வாசித்தார், மேடையில் கிற்றாரை அடித்து உடைத்தவர் உடைத்தது நல்ல கிற்றாரையா அல்லது உடைப்பதற்கென்றே வாங்கி வைத்த மலிவுக் கிற்றாரையா? எங்களில் ஒருவரும் கடல் தாண்டியவர் இல்லை. கடைக்கார அண்ணை மட்டும் இளவயதில் கொழும்பு ஹோட்டல் ஒன்றில் ஒரு வெள்ளைக்காரர் கிற்றாரில் புளூஸ் வாசித்ததைப் பார்த்திருக்கிறார். அதுவும் அவர் கண்ணாடி போடாத காலம்.

அந்த வாத்தியக்காரர்களின் பேர்களை இங்கே எழுதவில்லை. எழுதினால் 'அது அவரில்லை, மற்றவர்' என்று யாராவது எனக்குப் பாடம் நடத்துவார்கள். அதைத் தாங்கும் தெம்பு இப்போது என்னிடம் இல்லை. ஏன் இல்லை என்பதுதான் கதை.

எங்கள் கூட்டத்தில் கடைக்கார அண்ணையிடம் புத்தகங்கள் இருந்தன. குருநகர் நண்பனிடம் பழைய கசற்றுகள் இருந்தன. என்னிடம் காது இருந்தது. அப்படித்தான் நான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மறுப்பதற்கு அவர்களுக்கும் நேரம் இருக்கவில்லை. காதுக்கு ஆதாரமாக நான் அடிக்கடி ஒரு கதை சொல்வேன்.

எனக்குப் பதினேழு வயது. சண்டைக்காலம், மின்சாரம் இல்லாத வருசங்கள். பற்றரி கண்ணில் காட்டவும் கிடையாது. பாட்டுக் கேட்பதென்றால் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து இரண்டு வயரை இழுத்து ரேப் ரெக்கோடருக்குக் கொடுக்க வேண்டும். குருநகரிலிருந்து என் நண்பன் ஒரு கசற் கொண்டு வந்தான். அவனுடைய சித்தப்பா கப்பலில் போய்வந்தவர். பிரதியின் பிரதியின் பிரதி. மட்டையும் இல்லை, பேரும் இல்லை. உள்ளே ஒரு கிழவர் பாடி, கிற்றார் வாசித்தார். உரும்பிராயில் எங்கள் மாட்டுக்கொட்டிலுக்குப் பக்கத்தில் அவன் பெடலைச் சுற்றுவான். நான் கிற்றாரை மடியில் வைத்துக்கொண்டு கேட்பேன். மெல்லிய கம்பிகளுக்குச் சைக்கிள் பிரேக் கேபிளைப் பிரித்தெடுத்த இழை, மற்றவற்றுக்கு அவன் கொண்டுவந்த தங்கூசி, மீன்பிடிக்கும் நைலோன் நரம்பு. வெங்காயத் தோட்டத்திலிருந்து வரும் என் ஐயா ஒருநாள் நின்று கேட்டுவிட்டு, "அந்த மனுசனுக்கு என்ன வருத்தமாம்?" என்றார்.

பாட்டின் நடுவில் கிழவர் பாடுவதை நிறுத்திவிட்டுத் தனியாக வாசிப்பார். தகரக் கூரையில் மழை விழுவதுபோல் ஒரு இடம் வரும். மூன்று கிழமை முயன்று ஒரு பின்னேரம் அதைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை கசற்றோடு சேர்த்து, ஒரு சுரமும் பிந்தாமல் வாசித்தேன். ஒருவரும் சொல்லித் தரவில்லை. நோட்டேஷன் இல்லை. காது மட்டும்.

அதற்குப் பிறகு என் வாழ்க்கையில் சொல்லும்படியாக ஒன்றும் நடக்கவில்லை. சோதனை இரண்டு முறை தவறியது, ஒரு எழுதுவினைஞர் உத்தியோகம் கிடைத்தது, தலைமயிர் போனது. பெண் பார்க்கப் போன இடத்தில்கூட இந்தக் கதையைச் சொன்னேன். பெண்ணின் தகப்பன் சம்பளம் என்ன என்று கேட்டார்.

கதை முடிந்ததும் நான் நண்பன் பக்கம் திரும்பி, "வேணுமெண்டா உவனைக் கேளுங்கோ" என்பேன்.

"ஓம்" என்பான் அவன். முப்பது வருசமாக அந்த ஒரு சொல்.

கதைக்கு ஒரு வாலும் இருந்தது. அந்தக் காலத்தில் பள்ளிக்கூட ஆர்மோனியத்தோடு வைத்துப் பார்த்து, கிழவர் கம்பிகளைச் சுருதியில் ஒரு கட்டை இறக்கிக் கட்டியிருக்கிறார் என்று கண்டுபிடித்தேன். மனம் கனத்தவர், அதனால் கம்பியையும் தளர்த்திவிட்டார் என்பது என் விளக்கம். அன்றிலிருந்து என் கிற்றாரும் ஒரு கட்டை இறங்கியே இருந்தது. பிறகு மின்சாரம் வந்தது, சீடி வந்தது, போன் வந்தது. எல்லாவற்றிலும் அதே கிழவர் ஒரு கட்டை மேலே நின்று, பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவர்போல் அவசரமாக வாசித்தார். கம்பனிக்காரர் வேகத்தைக் கூட்டிக் கெடுத்துவிட்டார்கள் என்று அதற்கும் விளக்கம் வைத்திருந்தேன்.

இந்த வருசம்தான் ஓர்கன் மாஸ்ரர் எங்களோடு சேர்ந்தார். மிஷன் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்றவர். சேர்ச்சில் நாற்பது வருசமாக ஓர்கன் வாசிப்பவர். நான் கதையைச் சொல்லி முடித்ததும் மெதுவாகக் கையை உயர்த்தினார், வகுப்பில் பிள்ளை உயர்த்துவதுபோல.

"தம்பி, குறை நினையாதையும். அந்த மனுசன் கம்பி இறக்கேல்லை. என்னட்டை அந்த இசைத்தட்டு இருக்கு."

"அது வேகம் கூட்டின தட்டு, மாஸ்ரர்."

"அப்ப உலகத்திலை இருக்கிற தட்டெல்லாம் பிழை, உரும்பிராயிலை இருந்த கசற் மட்டும் சரியோ?"

"ஓம்" என்றேன்.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. "மாஸ்ரர் நாற்பது வருசம் ஓர்கனுக்குப் பக்கத்திலை இருந்த ஆள். மாவரைக்கிற மில்லிலை வேலை செய்தவரிட்டை ஆரும் ரகசியம் சொல்லுவினமோ?" என்றேன். கடைக்கார அண்ணை சிரித்தார். மாஸ்ரரும் மரியாதைக்குச் சிரித்தார்.

அடுத்த ஞாயிறு மாஸ்ரர், தட்டினால் ஒரே சுருதி கொடுக்கும் இரும்புக் கவை ஒன்றைக் கொண்டு வந்தார். முழங்காலில் தட்டி என் காதோரம் பிடித்துவிட்டு, போனில் கிழவரை வாசிக்க விட்டார். இரண்டும் ஒத்துப்போயின. நான் கவையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், மீன் வாங்குகிறவன்போல. "இது எந்தக் காலத்து இரும்பு? உப்புக்காத்துக்குச் சுருதி கெட்டிருக்கும்" என்றேன். திரும்பவும் சிரிப்பு. நண்பன் சிரிக்கவில்லை. தேத்தண்ணி சூடாக இருந்திருக்கும் என்று நினைத்தேன்.

மூன்றாவது ஞாயிறு மாஸ்ரர் ஒன்றும் கொண்டு வரவில்லை.

"நான் யோசிச்சுப் பாத்தன்" என்றார். "நீர் சொல்லுறது சரியாயும் இருக்கலாம். எழுபத்தைஞ்சு வயசு. காது ஏமாத்தத் தொடங்கிட்டுது போலை. கிழமைக்குக் கிழமை சனத்தைப் பிழையான சுருதியிலை பாட வைக்கிறனோ எண்டு பயமாக் கிடக்கு. ஓர்கனை வேறை ஆளிட்டைக் குடுக்கச் சொல்லிப் போதகருக்குச் சொல்லப் போறன்."

நான் வென்றுவிட்டேன். வென்றவனுக்குரிய பெருந்தன்மையோடு பிஸ்கற் தட்டை அவர் பக்கம் தள்ளி, "வயசு போனா ஆருக்கும் வாறதுதான் மாஸ்ரர்" என்றேன்.

நண்பன் கோப்பையைக் கீழே வைத்தான்.

"மாஸ்ரர், ஓர்கனை விடாதேங்கோ. உங்கடை காதிலை ஒரு பிழையும் இல்லை. நான்தான் மெல்லச் சுத்தினனான்."

"என்ன சுத்தினனி?" என்றார் கடைக்கார அண்ணை.

"பெடலை. உவன் அந்த நடு இடத்துக்கு வந்தாப்போலை விழுவான். ஒவ்வொரு நாளும் விழுவான். ஒருநாள் கிற்றாரைத் தூக்கி மாட்டுத் தொட்டிக்குள்ளை போட்டிட்டு, இனித் தொடமாட்டன் எண்டு அழுதவன். அடுத்த நாள் தொடக்கம் கொஞ்சம் மெல்லச் சுத்தினன். டைனமோவுக்கு வேகம் குறைஞ்சா ரேப்பும் இழுக்கும், சுருதியும் இறங்கும்தானே. பிறகு இன்னும் கொஞ்சம். உவன் எந்த வேகத்திலை பிடிச்சானோ அதிலை நிப்பாட்டினன்."

கடைக்கார அண்ணை மேசையில் தட்டித் தட்டிச் சிரிக்கத் தொடங்கினார். "அப்ப கிழவர் கம்பியை இறக்கேல்லை. நீ கிழவரையே இறக்கிப்போட்டாய்."

மாஸ்ரர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் முகத்தில் வந்த நிம்மதியை என்னால் பார்க்க முடியவில்லை. நான் எழும்பி, வீட்டில் வேலை கிடக்கிறது என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தேன்.

பலாலி வீதியில் போகும்போது அந்த 'ஓம்'கள் ஒவ்வொன்றாக வந்தன. என் கலியாண வீட்டில் ஒரு 'ஓம்'. என் மகளுக்குக் கதை சொன்னபோது அவளுக்கு முன்னால் ஒரு 'ஓம்'. எதிரி என்றால் எனக்குப் பின்னால் நின்று சிரித்திருப்பான், அதைத் தாங்கலாம். இவன் என் பக்கத்திலேயே இருந்து, எனக்காகவே தலையாட்டி, நான் இல்லாத ஒரு ஆளை நான்தான் என்று என்னையே நம்ப வைத்திருக்கிறான்.

வீட்டில் போனை வைத்து, கம்பிகளை ஒரு கட்டை ஏற்றி, கிழவரை அவருடைய சொந்த வேகத்தில் விட்டு வாசித்தேன். நடு இடத்தில் விழுந்தேன். திரும்ப விட்டேன். பதினேழு வயதில் விழுந்த அதே சுரத்தில் விழுந்தேன். முப்பது வருசத்தில் ஒரு சுரம்கூட முன்னேறாத மனிதன் இந்தக் குடாநாட்டில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மனைவி எட்டிப் பார்த்து, "என்ன, பாட்டு இண்டைக்கு ஓடிப்போகுது?" என்று கேட்டாள்.

அடுத்த நாள் கந்தோர் முடிய நேரே குருநகருக்குப் போனேன். அவன் கரையில் ஒரு வள்ளத்தின் எஞ்சினைக் கழற்றிப் போட்டுக்கொண்டு இருந்தான். அதுதான் அவனுடைய தொழில். என்னைக் கண்டும் நிமிரவில்லை.

"முப்பது வருசம்" என்றேன்.

"ஓம்."

"உந்த ஓமை இனிச் சொல்லாதை."

அவன் கையைச் சாக்குத்துணியில் துடைத்தான். "நீ வாசிச்சனியோ எண்டுதானே மச்சான் ஒவ்வொரு முறையும் கேட்டனி. நீ வாசிச்சனிதானே. என்ன வேகத்திலை எண்டு நீ கேக்கேல்லை."

"இது கோட்டிலை லோயர் கதைக்கிற கதை. ஏன்ரா சொல்லேல்லை?"

"முதலிலை நீ திரும்ப அழுவாய் எண்டு சொல்லேல்லை. பிறகு நீ பெருமையாக் கதைக்கக்கை சொல்ல மனம் வரேல்லை. அதுக்குப் பிறகு கனகாலம் போட்டுது. கனகாலம் போனதை எப்பிடியடா சொல்லுறது?"

"சரி. இவ்வளவு காலம் மறைச்சனி, இன்னும் கொஞ்சம் மறைச்சிருக்கலாம். இல்லாட்டி என்னைத் தனியக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். நாலு பேருக்கு முன்னாலையோ என்ரை துணியை அவிழ்க்கிறது?"

அவன் என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"தனியச் சொல்லியிருந்தா நீ மாஸ்ரரிட்டைப் போய்ச் சொல்லியிருப்பியோ?"

வள்ளங்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நின்றன. நான் நேர்மையாக யோசித்துப் பார்த்தேன். எனக்கு அடிக்கடி வராத பழக்கம். சொல்லியிருக்க மாட்டேன். மாஸ்ரர் ஓர்கனை விட்டிருப்பார். நான் அவருடைய பிரியாவிடைக்குப் போய், கிழவரைப் பற்றி அங்கேயும் கதை சொல்லியிருப்பேன்.

"மாட்டாய்" என்றான் அவன், எனக்காக. பிறகு எஞ்சினுக்குள் கையை விட்டான்.

நான் போய்வருகிறேன் என்று சொல்லாமல் வந்துவிட்டேன். அவன் செய்தது சரி என்று அன்றே விளங்கியது. விளங்கியதால் வலி குறையவில்லை. பிழை செய்தவனை மன்னிக்கலாம். சரியான காரியத்தைச் செய்து என்னைக் கவிழ்த்தவனை என்ன செய்வது?

இரண்டு ஞாயிறு கடைப் பக்கம் போகவில்லை. மூன்றாவது ஞாயிறு பின்கதவால் உள்ளே போனேன், போகாமல் இருந்தால் இன்னும் சிரிப்பார்கள் என்ற பயத்தில். மாஸ்ரர் காலையில் சேர்ச்சில் வாசித்துவிட்டு அதே உடுப்போடு வந்திருந்தார். எழும்பி எனக்கு இடம் விட்டார். நண்பன் தன் பக்கத்துக் கதிரையை இழுத்தான். நான் அலுமாரிப் பக்கம் போய் ஒரு ஸ்டூலில் இருந்தேன்.

கடைக்கார அண்ணை போனில் வேறொரு பாட்டை விட்டார். பழைய பொப் பாட்டு. கிற்றாரில் இரண்டு பேர் சேர்ந்து வாசிக்கிறார்களா, அல்லது ஒருவரே இரண்டு முறை பதிந்திருக்கிறாரா என்று வாக்குவாதம். வழக்கம்போல் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். கடைக்கார அண்ணைகூடக் கிண்டலாகக் கேட்கவில்லை. பழக்கத்தில்தான் கேட்டார்: "என்ன தம்பி, காது என்ன சொல்லுது?"

என்னிடம் ஒரு விடை இருந்தது. இப்போதும் இருக்கிறது, சரியென்றே நினைக்கிறேன்.

"மாஸ்ரரைக் கேளுங்கோ" என்றேன்.

மாஸ்ரர் தலையைச் சரித்துக் கேட்டார். நண்பன் ஏதோ சொல்ல என் பக்கம் திரும்பியது ஓரக்கண்ணில் தெரிந்தது. நான் பிளேன்ரீயை ஊதிக்கொண்டிருந்தேன். அது எப்போதோ ஆறியிருந்தது.