பக்கத்து நிலத்துக்காரனின் கை

எழுபதுகளின் கடைசியில், பம்புசெட் கரண்டு கட்டணத்தைக் குறைக்கச் சொல்லித் திருவண்ணாமலை தாலுகா ஆபீஸ் எதிரே ரோட்டில் உட்கார்ந்தோம். கீழ்பென்னாத்தூர்ப் பக்கமிருந்து லாரி லாரியாக வந்திருந்தோம். யாரும் கல்லெடுக்கக் கூடாது, கை ஓங்கக் கூடாது என்று விவசாயிகள் சங்கத்தில் முடிவு. கோபக்காரன் ஒவ்வொருவனையும் பக்கத்தில் இருப்பவன் பிடித்துக்கொள்ள வேண்டும். எனக்கு வாய்த்தவன் என் பக்கத்து நிலத்துக்காரன். வரப்புத் தகராறில் நாங்கள் முகம் கொடுத்துப் பேசி மூன்று வருஷம் ஆகியிருந்தது.

போலீஸ் தடியை ஓங்கியதும் அவன் கையை இழுத்தான். "யோவ், கைய வுடுய்யா!" என்று கத்தினான். நான் இரண்டு கையையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். தடி அவன் இடது காதின் மேல் இறங்கியது.

ஒரு கல்கூடப் பறக்கவில்லை என்று மறுநாள் ஊரெல்லாம் எங்களைப் புகழ்ந்தது. கட்டுப்பாடாம்! அவனுக்கு அந்தக் காது போயே போய்விட்டது.

ஒரு மாசம் கழித்து அவனே வீட்டுக்கு வந்தான். "நீ புடிக்கலன்னா எவனையாவது அடிச்சிருப்பேன். சங்கத்துக்குத்தான கெட்ட பேரு வந்திருக்கும்" என்றான். வரப்பையும் விட்டுக்கொடுத்துவிட்டுப் போனான். நானும் வாங்கிக்கொண்டேன்.

அன்று அவன் கையை இழுத்தது அடிக்க அல்ல, தலையை மறைக்க. அது எனக்கு அப்போதே தெரியும்.