சீதன வீட்டுக்கு ஒரு பாட்டு

"வியாழன், அஸர் தொழுகைக்குப் பின். கச்சான் காற்று. முதல் பாட்டு முடிந்தது. அடிகள் பதினாறு, திகதிகள் ஒன்பது."

என் நாட்குறிப்பில் இப்படி இருக்கிறது. ஒரு பாட்டுக்குள் ஒன்பது திகதிகள் எதற்கு என்று அன்று எனக்குத் தோன்றவில்லை.

கிற்றார் வாங்கி நான்கு மாதம் ஆகியிருந்தது. விரலுக்கு மூன்று கோர்ட் பிடிகள்தான் வரும். அவற்றை வைத்துக்கொண்டு நான் பாட்டு எழுதத் துணிந்தது என் தங்கச்சிக்காக.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குச் சீதனம். ஆண் கலியாணம் முடித்து மனைவியின் வீட்டுக்குப் போவான். கல்முனையில் தங்கச்சிக்கு எழும்பிய வீட்டுக்காக நான் கட்டாரில் ஐந்து வருடம் வேலை செய்தேன். இன்று மருதமுனையில், என் மனைவியின் காக்கா, அதாவது அண்ணன், உழைத்துக் கட்டிய வீட்டில் படுத்தெழும்புகிறேன். இதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் தங்கச்சிக்குக் கலியாணம் நடந்த பிறகு அந்தப் பக்கம் போவது குறைந்துவிட்டது. இனி அது இன்னொரு குடும்பத்தின் வீடு என்ற கூச்சம்தான் காரணம். அவள் அதை வேறுவிதமாக எடுத்துக்கொண்டாள். "காக்காக்கு வீட்ட விட்டுக் குடுத்தது மனசுல இரிக்கி" என்று உம்மாவிடம் சொல்லியிருக்கிறாள்.

அப்படி இல்லை என்று நேரில் சொல்ல இரண்டு தரம் போனேன். இரண்டு தரமும் தேத்தண்ணி குடித்து, வெயிலைப் பற்றிக் கதைத்துவிட்டுத் திரும்பினேன்.

அதனால் பாட்டு. அத்திவாரம் வெட்டிய நாள், நிலை வைத்த நாள், கொங்கிறீட் போட்ட நாள் எல்லாவற்றையும், உம்மா போனில் சொல்லச் சொல்ல நான் குறித்துவைத்த பழைய நாட்குறிப்புகளில் பார்த்துச் சரியாக எழுதினேன். ஒரு நாளைக்கூட மறக்கவில்லை என்பதே என் அன்புக்குச் சாட்சி என்று நினைத்தேன்.

மனைவி கேட்டுவிட்டுச் சொன்னா: "இது பாட்டா, ஸ்கூல் இடாப்பா? ஒவ்வொரு திகதிக்கும் எழும்பி நிண்டு 'வந்தேன்' சொல்லணும் போல இரிக்கி."

சிரித்துவிட்டு வட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீலக் குறி இரண்டும் விழுந்தன. ஆறு நாள் பதில் இல்லை.

ஏழாம் நாள் தங்கச்சியின் மாப்பிள்ளை வந்தார். கதிரையின் நுனியில் இருந்தார்.

"மச்சான், கோவிக்காதீங்க. அவ அழுதுக்கிட்டு இரிக்கா. காக்கா திகதி திகதியாக் கணக்குக் காட்டி வீட்டத் திருப்பிக் கேக்காரா எண்டு என்னக் கேக்கா."

அவர் போன பிறகு பாட்டை எடுத்து வைத்துத் திகதிகளை ஒவ்வொன்றாக வெட்டினேன். வெட்டி முடிந்தபோது எதுவும் மிஞ்சவில்லை. கிற்றாரை மடியில் வைத்து ஒரே பிடியைத் தட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் வெளிச்சம் கூடுவதும் குறைவதுமாக இருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. நான் நேரம் பார்க்காமல் இருந்த பகல்கள் குறைவு.

அப்போது ஒரு பின்னேரம் நினைவில் மிதந்து வந்தது. நான் லீவில் வந்திருந்தேன். வீட்டுக்குச் சுவர் இருந்தது, கூரை இல்லை. தங்கச்சி அப்போது பள்ளிக்கூடம் போகிறவள். இரண்டு பேரும் நடு அறையில் சீமெந்துப் பையை விரித்துப் படுத்து மேலே பார்த்தோம். ஒரு மேகத்தின் நிழல் குசினிப் பக்கத்தால் உள்ளே வந்து, சுவர் ஏறி, எங்களைக் கடந்து, வாசலால் வெளியே போனது. கடல் எங்கோ தூங்குகிறவரின் மூச்சுப் போலக் கேட்டது.

கூரை இல்லா வீட்டுக்குள்ளே
மேகம் வந்து நடந்து போச்சு
குசினியால் நுழைந்த நிழல்
உன் தோளைத் தொட்டுப் போச்சு

இவ்வளவுதான் இரண்டாம் பாட்டு. குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. திருத்தாமல் அனுப்பினேன்.

பின்னேரமே பதில் வந்தது: "காக்கா, வெள்ளிக்கிழம பகல் சாப்பாட்டுக்கு எல்லாரும் வாங்க."

ஜும்ஆ முடிந்து போனோம். தங்கச்சி பாட்டைப் பற்றி வாய் திறக்கவில்லை. என் கோப்பையில் மூன்றாம் முறை சோறு போடும்போதுதான் மெல்லக் கேட்டாள்.

"அண்டைக்கு மேகம் இருந்திச்சா, காக்கா? எனக்கு நல்ல வெயில் எண்டுதான் ஞாபகம். கண் கூசிச்சு."

"இருந்திச்சி."

"இல்ல. நீங்க நித்திர."

மாப்பிள்ளை சிரித்தார். "அப்ப வெயில் எண்டு மாத்திப் பாடுங்க மச்சான்."

அந்த லீவு முழுவதும் நான் நாட்குறிப்பு எழுதவில்லை. உம்மாவுக்கும் நினைவில்லை. அன்று மேகம் வந்ததா என்பது இதுவரை உறுதி செய்யப்படவில்லை.