சப்போட்டா என்று சொல்லப்பட்ட மரம்

பசுமலையில் நாங்கள் வாடகைக்குப் போன வீட்டின் பின்புறம் ஒரு பெரிய மரம் நின்றது. மேலூரில் இருக்கும் வீட்டுக்காரர் சாவியைக் கொடுக்கும்போதே, அது சப்போட்டா, இன்னும் காய்ப்புக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டார். என் கணவருக்குச் சப்போட்டா என்றால் உயிர். தினமும் காபி டம்ளரோடு போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வருவார்.

மாசி கடைசியில் தெருவிலிருந்த வேப்பமரங்கள் இலையைக் கொட்டிவிட்டு மொட்டையாக நின்றன. இது மட்டும் கரும்பச்சையாகக் குடை விரித்திருந்தது. இலையைக் கிள்ளினால் பால் வந்தது.

"பாத்தியா, சப்போட்டாதேன்" என்றார்.

எனக்குச் சந்தேகம். அக்கா வீட்டுச் சப்போட்டாவில் இலைகள் கிளை நுனியில் கொத்தாக இருக்கும். இதிலோ கிளை நெடுக மாறி மாறி இருந்தன. இலையின் ஓரமும் பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்திருந்தது. செல்போனில் படம் எடுத்துத் தேடினோம். முதல் படத்தை ஆல் என்றது, அடுத்ததை மா என்றது. அவர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

சித்திரையில் ஒரு காலை, கூட்டுவதற்காகப் பின்கதவைத் திறந்தேன். தரையெல்லாம் சின்னச் சின்ன வெளிர்நிறப் பூக்கள். நட்சத்திர வடிவம், நடுவில் துளை. வாசனை ஆளைத் தூக்கியது. நான் தமிழாசிரியை. வாடினாலும் மணம் போகாத மகிழம்பூ என்று வருஷக்கணக்கில் பாடம் நடத்தியிருக்கிறேன், மரத்தைப் பார்த்ததில்லை. துளையில் நூலை விட்டேன், ஊசியே தேவைப்படவில்லை. கைக்குட்டையில் முடிந்துவைத்த பூக்கள் காய்ந்து பழுப்பான பிறகும் மணத்தன. அதற்குமேல் எனக்குச் சந்தேகமே இல்லை.

வீட்டுக்காரருக்குப் போன் செய்து, அது மகிழ மரம் என்றேன். சிரித்தார்.

"தெரியும்மா. முன்னாடி குடியிருந்தவுக குப்ப சேருதுன்னு வெட்டச் சொன்னாக. சப்போட்டான்னு சொல்லிவச்சேன், விட்டுட்டாக. அப்பறம் வர்ற எல்லார்கிட்டயும் அதையே சொல்லிக்கிட்டு இருக்கேன்."

கணவர் இரண்டு நாள் மரத்தின் பக்கமே போகவில்லை. சில மாதம் கழித்துப் பழம் வந்தது. ஆரஞ்சு நிறத்தில், விரல் நுனி அளவு. ஒன்றைத் துடைத்து வாயில் போட்டார். நானும் கடித்தேன். மாவாக இருந்தது. கொஞ்சம் இனிப்பு, மீதியெல்லாம் துவர்ப்பு. கொட்டையைத் துப்பிவிட்டு, அவர் முகத்தைப் பார்த்தேன்.

"திங்கலாம்" என்று இன்னொன்றை எடுத்தார்.