முதலில் பழசை அழி

அந்தக் கம்ப்யூட்டர் ஸ்கிரிப்டின் நான்காவது வரி இன்றும் எனக்கு மனப்பாடம். பழையதை முழுவதும் அழி என்பதுதான் அது. எழுதியவன் நான்.

எண்பதுகளின் கடைசி. இலங்கை மலையகத்து ஹட்டனில், தேயிலைத் தோட்டத்து மக்களுக்குப் பிரஜாவுரிமைப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் சின்ன அலுவலகம் ஒன்றில் வேலை செய்தேன். யாரோ நன்கொடையாகத் தந்த இரண்டு கம்ப்யூட்டர்கள் அங்கே இருந்தன. இரண்டும் இரண்டு ரகம். ஒன்றுக்குப் புரியும் கட்டளை மற்றதற்குப் புரியாது. அதனால் இரண்டிலும் ஒரே ஷெல்லைப் போட்டேன். நாம் தட்டும் கட்டளையை வாங்கி, எந்திரத்திடம் வேலை வாங்கும் கங்காணிதான் ஷெல். அந்தக் கங்காணியை இரண்டிலும் குடியேற்றுவது, கட்டளைகளை வரிசையாக எழுதிய என் ஸ்கிரிப்ட். எந்த எந்திரம் என்று தானே பார்த்து, அதற்குத் தக்கபடி நடக்கும். கொழும்பிலிருந்து புது ஷெல் வரும்போதெல்லாம் அதைத் திருத்துவேன். எனக்கு அதில் தலைகால் புரியாத பெருமை.

எந்திரத்தில் இடம் போதாது. ஆகவே பழைய ஷெல்லை அதனோடிருந்த கோப்புகளையும் சேர்த்து அழித்து, புதியதைப் போட்டு, பிளாப்பித் தகட்டில் நகலாக எடுத்து வைத்ததைத் திரும்ப ஏற்றும்படி எழுதியிருந்தேன்.

"அழிச்சப்புறம் பிளாப்பி வேல செய்யலேன்னா என்னங்க சார் செய்றது?" என்று டைப் செய்யும் பெண் ஒருநாள் கேட்டாள். பஜாரில் புடவைக் கடை வைத்திருந்தவரின் மகள்.

"நல்ல வாயி ஒனக்கு. போயி வேலயப் பாரும்மா" என்று சிரித்தேன்.

அப்போது எங்களிடம் இருந்தது ஒரே ஒரு பெரிய பட்டியல். ராகலைப் பக்கத் தோட்டம் ஒன்றின் பிறப்புப் பதிவுகள் கலவரத்தில் ஆபீசோடு எரிந்துபோயின. பிறந்த வருடமும் இடமும் தெரியாமல் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், எதையும் தேட முடியாது. அங்கே நெடுங்காலம் மருந்து கொடுத்த டிஸ்பென்சர் ஐயா மட்டும் எல்லாவற்றையும் நினைவில் வைத்திருந்தார். தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளை லயம் லயமாக அவர் சொல்லச் சொல்ல, டைப் செய்யும் பெண் நேராகக் கம்ப்யூட்டரில் தட்டினாள். காகிதம் எதற்கு என்று கேட்டவன் நான். பட்டியல் முடிந்த மாதமே ஐயா இறந்துபோனார். அன்றைக்கே பிரிண்ட் எடுத்திருக்க வேண்டும். பிரிண்டருக்கு ரிப்பன் வரட்டும் என்று இருந்துவிட்டேன்.

ஆயுத பூஜைக்கு முன்பு பட்டியலைப் பிளாப்பியில் எடுத்து, பத்திரமாக வை என்று அவளிடம் கொடுத்தேன். பூஜை அவள் பொறுப்பு. நான் கத்தோலிக்கன், அன்று வீட்டில் இருந்தேன். விஜயதசமி காலையில் போனால், டைப்ரைட்டர் முதல் கதவுப் பூட்டு வரை சந்தனப் பொட்டு. வெளியே மிஸ்ட் கட்டி எதிர்க்கடை தெரியவில்லை. லைட் மங்கி மங்கி எரிந்தது.

"இன்னிக்கு எதத் தொடங்குனாலும் வெளங்கும் சார். புது ஷெல்லப் போட்ருங்க" என்றாள்.

பட்டியல் இருந்த எந்திரத்திலேயே முதலில் போட்டேன். நான்காவது வரி ஓடி முடிந்தது, பழையது இருந்த இடத்தில் புது ஷெல்லும் ஏறியது. பிறகு திரை பிளாப்பியைக் கேட்டது. அவள் காகித உறையிலிருந்து அதை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினாள்.

பிளாப்பியின் உள்ளே சுழலும் கறுப்புத் தகடு ஒரு நீளத் துவாரத்தில் வெளியே தெரியும். சரியாக அதன் மேல், காய்ந்த சந்தனம். அதன் நடுவே குங்குமம்.

"நம்மகிட்ட இருக்கிறதுலயே பெரிய ஆயுதம் இதுதானே சார்? அதான் மொதப் பொட்டு இதுக்கு வச்சேன்."

ஈரத் துணியால் துடைத்தேன். தகட்டில் கீறல் விழுந்தது. எந்திரம் கரகரவென்று அரைத்துவிட்டுப் படிக்க முடியவில்லை என்றது. மறுபடி போட்டேன். மறுபடியும் அதேதான். அவள் அழத் தொடங்கினாள். அவள் மேல் எனக்குக் கோபமே வரவில்லை, வந்ததெல்லாம் என் மேல்தான். அழிப்பதற்கு முன்னால் பிளாப்பியைப் படித்துப் பார் என்று ஒரு வரி. அதை எழுத ஐந்து நிமிடம் ஆகியிருக்காது.

மறுநாள் அந்தத் தோட்டத்திலிருந்து கொழுந்து பறிக்கும் ஒரு அம்மா முதல் பஸ் பிடித்து வந்து, என் எதிரில் உட்கார்ந்தார்.

"நாலாம் நம்பர் லயங்க, கடேசிக் காம்பராவுல இருக்கேன். ஐயா எல்லாம் சொல்லியிருக்கேன்னாரு. நான் எந்த வருசம் பொறந்தேன்னு பாத்துச் சொல்லுங்க சாமி."

வெற்றுத் திரையைப் பார்த்தபடி நான் தேடுவதுபோல எதையெதையோ தட்டிக்கொண்டிருந்தேன். அவர் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.